கோடை விடுமுறைக்குப் புத்தகப் பட்டியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கம் மாடி அறையில் ஒரு சின்ன நூலகம் வைத்திருக்கிறது. முழு ஆண்டுத் தேர்வு முடியும் வாரத்தில் அங்கே வந்து நிற்கிற அப்பா அம்மாக்களும் தாத்தா பாட்டிகளும் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான். பதில்கள் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்னுடையவை. சங்கத்தில் இதற்கெல்லாம் தீர்மானம் போடவில்லை.

பட்டியலில் எத்தனை புத்தகம் இருக்கலாம்?

ஐந்து. பிள்ளை ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற ஆள் என்றால் ஏழு.

சில பள்ளிக்கூடங்கள் இருபது பெயர் அச்சடித்துக் கொடுத்தனுப்புகின்றன. விடுமுறையே ஏறக்குறைய நாற்பது நாள்தான். ஊருக்குப் போய் வருவது, இரண்டு கல்யாணம், நீச்சல் வகுப்பு, சாயங்காலமானால் ஐ.பி.எல். எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள், படிக்க மிஞ்சுவது மத்தியான வெயில் நேரம் மட்டும்தான். ஐந்தில் மூன்றை முடித்தாலே அது நல்ல கோடை. இருபதில் ஆறை முடித்த பிள்ளைக்கோ மீதிப் பதினான்குதான் கண்ணில் படும்.

யார் தேர்ந்தெடுக்க வேண்டும், நாங்களா, பிள்ளையா?

இரண்டு பேரும். ஆனால் அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு. வீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்து எழுதிய பட்டியலோடு கடைக்குப் போனால், கடைக்காரர் பட்டியலைப் பார்ப்பார், பிள்ளை வாசலைப் பார்க்கும்.

நான் சொல்கிற ஏற்பாடு இது: மூன்று புத்தகம் பிள்ளை எடுக்கட்டும், அதில் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. இரண்டு உங்கள் பங்கு, அதில் அவர்கள் பேரம் பேசலாம். பேய்க் கதையோ கிரிக்கெட் வீரரின் வாழ்க்கையோ கிறுக்குத்தனமான ஜோக் புத்தகமோ, எதை எடுத்தாலும் முகம் சுளிக்காதீர்கள். ஒருமுறை சுளித்தால் போதும், அடுத்த முறை உங்களுக்குப் பிடித்ததை எடுத்து உங்களிடம் நீட்டுவார்கள். படிக்க மாட்டார்கள்.

புத்தகம் பிள்ளையின் வாசிப்புக்கு ஏற்றதா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, மெதுவாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். திணறுகிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விரலை மடக்குங்கள். பக்கம் முடியும்முன் ஒரு கை மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இந்தக் கோடைக்கு இல்லை, அடுத்த கோடைக்கு. முதல் பக்கத்தைத் திறக்காதீர்கள். பல தமிழ்ப் புத்தகங்களில் பதிப்புரை, அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை எல்லாம் தாண்டி, பதினேழு பதினெட்டாம் பக்கத்தில்தான் கதை ஆரம்பிக்கும். அணிந்துரையைப் படிக்கச் சொன்னால் பெரியவர்களே ஓடிவிடுவார்கள்.

பையன் இங்கிலீஷ் மீடியம். வீட்டில் தமிழ்தான் பேசுகிறான். ஆனால் தமிழ் படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுகிறான். என்ன கொடுப்பது?

வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் கேள்வி, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சிக்கல் எங்கே என்றால், அவனுடைய புத்திக்குப் பத்து வயது, தமிழ் வாசிப்புக்கு ஆறு வயது. ஆறு வயதுக்கான புத்தகத்தைக் கொடுத்தால் 'அணில் பழம் தின்றது' என்று இருக்கும், அவனுக்கு அது அவமானம். பத்து வயதுக்கான புத்தகத்தைக் கொடுத்தால் இரண்டாம் பத்தியில் மூடி வைத்துவிடுவான். விஷயம் பெரிதாகவும் வாக்கியம் சின்னதாகவும் இருக்கிற புத்தகம் அவனுக்கு வேண்டும்.

முதல் யோசனை, காமிக்ஸ். சிவகாசியிலிருந்து வருகிற முத்து காமிக்ஸ் 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. லயன் காமிக்ஸ் 1984-இல் வந்தது. அந்த மாயாவியைப் படித்துத்தான் இன்றைய தாத்தாக்கள் பலர் தமிழ் வாசிப்பில் வேகம் பிடித்தார்கள். ஒரு பலூனில் எட்டுப் பத்துச் சொல்தான் இருக்கும். புரியாவிட்டால் படம் கைகொடுக்கும். அடுத்த கட்டத்தில் என்ன ஆகிறது என்று தெரிந்தாக வேண்டும், அதனால் நிறுத்தவும் மாட்டான்.

இரண்டாவது, இருமொழிப் படக் கதைகள். சென்னையிலேயே இருக்கிற தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கிற புத்தகங்களை வெளியிடுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இவை நன்றாக இருக்கும். பத்து வயதுக்கு மேல் ஒரு ஆபத்து உண்டு: கண் தானாக ஆங்கில வரிக்கு ஓடிவிடும்.

மூன்றாவது, அரசுப் பள்ளிகளுக்காக வந்த வாசிப்பு இயக்கப் புத்தகங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலையாகப் பிரித்திருக்கிறார்கள். எந்த வகுப்பு என்பதை விட்டுவிட்டு எந்த அளவுக்குப் படிக்க வரும் என்பதை வைத்துப் பிரித்ததால், கூச்சமில்லாமல் 'நுழை'யில் ஆரம்பிக்கலாம். பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். இணையத்தில் வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக இருக்கின்றன, அங்கேயும் நான்கு நிலை.

அப்புறம், அச்சைக் கவனியுங்கள். 'வந்துகொண்டிருந்தவர்களைப்பார்த்து' என்று ஒரே மூச்சில் கோத்து அச்சடித்திருந்தால் எழுத்துக் கூட்டுகிற பிள்ளை பாதி வழியிலேயே விழுந்துவிடும். 'வந்து கொண்டிருந்தவர்களைப் பார்த்து' என்று இடம் விட்டிருந்தால் அதே பிள்ளை தாண்டிவிடும். இலக்கணப் பண்டிதர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும். பத்து வயதுக்கு நான் பிரித்து அச்சிட்ட புத்தகத்தைத்தான் எடுப்பேன்.

கடைசியாக, பாட்டி. வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் பையன் என்று மாற்றி மாற்றி வாசிக்கட்டும். கதை ஓடுகிற வேகத்தைப் பாட்டி பார்த்துக்கொள்வார். தன் பக்கத்தில் அவன் தட்டுத் தடுமாறினாலும் கதை நின்றுபோகாது. தப்பாகப் படித்தால் உடனே திருத்த வேண்டாம் என்று பாட்டியிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அதுதான் கஷ்டம்.

எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குச் சில பெயர்கள் சொல்லுங்களேன்.

சாகித்திய அகாதமி 2010 முதல் குழந்தை இலக்கியத்துக்குத் தனியாக பால சாகித்திய புரஸ்கார் கொடுக்கிறது. விருது வாங்கியதெல்லாம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று இல்லை. ஆனாலும் தேட ஆரம்பிக்க அது நல்ல இடம். 2014-இல் பரிசு பெற்ற இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்', கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிற பிள்ளைகளுக்கு. 2020-இல் பரிசு பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', தப்பான தொடுதலைப் பற்றிப் பெண்குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்று முழிக்கிற வீடுகளுக்குப் பெரிய உதவி. நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள். 2023-இல் பரிசு பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', கீழடியைப் பின்னணியாக வைத்தது. மே மாதம் மதுரைப் பக்கம் போகிறவர்கள் கீழடி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்து கொடுத்தால் பிள்ளை விடாது.

மொழிபெயர்ப்பில் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டுமென்றால் 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. ஒரு பள்ளிக்கூடத்தில் சேட்டை தாங்காமல் அனுப்பிவிட்ட ஜப்பானியச் சிறுமி, ரயில் பெட்டிகளையே வகுப்பறையாக வைத்திருந்த இன்னொரு பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். டோக்கியோவில் உண்மையாகவே இருந்த பள்ளி அது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது, விலையும் கம்மி. பிள்ளைக்கு வாங்கிக்கொண்டு போய் அம்மாக்களே படித்து முடிக்கிற புத்தகம் இது.

பழைய எழுத்தாளர்களில் வாண்டுமாமா. சாகசம், மந்திரம், விஞ்ஞானம் என்று எதை எடுத்தாலும் கதை குதிரை வேகத்தில் போகும். நடை கொஞ்சம் பழசு. பிள்ளைகள் அதைக் கண்டுகொள்வதில்லை, பெரியவர்களுக்குத்தான் உறுத்துகிறது.

காமிக்ஸைக் கணக்கில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். முன்பே சொன்னேன்.

'பொன்னியின் செல்வ'னை இந்த விடுமுறையில் முடிக்க முடியுமா?

ஐந்து பாகம், பெரும்பாலான பதிப்புகளில் இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். நாற்பது நாளில் முடிக்க வேண்டுமென்றால் ஒரு நாள் தவறாமல் ஐம்பது பக்கம் போக வேண்டும். படம் பார்த்துவிட்டு ஆசைப்படுகிற பதினான்கு வயதுப் பிள்ளையால் முடியும். இல்லாவிட்டால் முதல் பாகத்தை மட்டும் பட்டியலில் எழுதுங்கள். மொத்த நாவலும் 1950-இலிருந்து 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த தொடர்கதை. அன்றைக்குப் படித்தவர்கள் மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருந்து முடித்தார்கள், நமக்கு என்ன அவசரம்?

ஒரே நாவல் கடையில் ஐந்தாறு பதிப்பகத்தின் பெயரில் இருக்கிறதே, ஒன்று 300 ரூபாய், ஒன்று 900. எதை வாங்குவது?

இது தமிழ் வாசகர்களுக்கே உரிய குழப்பம். தமிழ்நாடு அரசு எழுத்தாளர்களின் படைப்புகளை நாட்டுடைமை ஆக்குகிறது. 1949-இல் பாரதியின் எழுத்துக்கான உரிமையை அரசு வாங்கியதில் ஆரம்பித்து, கல்கி, புதுமைப்பித்தன் என்று பட்டியல் நீளம். நாட்டுடைமை ஆன எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், குடும்பத்துக்கு ராயல்டி தர வேண்டியதில்லை. அதனால் விலை இறங்குகிறது, நல்ல விஷயம்தான். கூடவே ஏனோதானோவென்று அச்சிடுகிறவர்களும் இறங்கிவிடுகிறார்கள்.

கையில் எடுத்து ஐந்து நிமிஷம் பாருங்கள்.

எழுத்தின் அளவு முதலில். மலிவுப் பதிப்புகளில் ஐந்து பாகத்தையும் ஒரே செங்கல்லாகக் கட்டி, பொடி எழுத்தில் பக்கத்துக்கு நாற்பது வரி அடைத்திருப்பார்கள். படுத்துக்கொண்டு படித்தால் மார்பு வலிக்கும். பிள்ளைக்குக் கொடுப்பதென்றால் தனித்தனிப் பாகமாக இருப்பதை வாங்குங்கள். ஒன்றை முடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பதில் ஒரு மிதப்பு இருக்கிறது, அது வாசிப்பை ஓட்டும்.

பிறகு பிழை. ஏதாவது மூன்று பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். ர இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் வருவது, மேற்கோள் குறி திறந்து மூடாமல் போவது, ஒரு பத்தி இரண்டு தடவை வருவது. மூன்று பக்கத்தில் நாலு பிழை இருந்தால் மீதிப் பக்கங்களும் அப்படித்தான். பழைய பிரதியை ஸ்கேன் செய்து அப்படியே இறக்கியிருப்பார்கள், ஒருவரும் மெய்ப்புப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, சுருக்கம். அட்டையில் மூலப் பெயரே இருக்கும், உள்ளே 'சுருக்கமாக' என்று ஓர் ஓரத்தில் இருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. அத்தியாயங்களின் எண்ணிக்கையை வேறு பதிப்போடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். சிறுவர்களுக்கான சுருக்கம் தப்பில்லை. ஆனால் சுருக்கம் என்று தெரிந்து வாங்குங்கள்.

நான்காவது, தைத்த பைண்டிங்கா, ஒட்டியதா. புத்தகத்தின் மேல் விளிம்பைப் பாருங்கள். சிறு சிறு கட்டுகளாக மடிந்திருந்தால் அநேகமாகத் தைத்தது. தட்டையாக வெட்டிய தாள்கள் பசையில் நின்றால் ஒட்டியது. கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் விட்டுவிட்டு வந்தால் ஒட்டிய புத்தகம் சாயங்காலம் சீட்டுக்கட்டாகக் கிடைக்கும்.

அதிகம் செலவழிக்காமல் எப்படி?

சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரியும் அதில் சேர்த்தே வாங்கியிருப்பார்கள். 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்திலிருந்து வருகிற ஏற்பாடு அது. அதாவது கிளை நூலகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள். போய் உறுப்பினராகுங்கள். கிளையில் கிடைக்காதது அண்ணா சாலையில் இருக்கிற தேவநேயப் பாவாணர் மாவட்ட மைய நூலகத்தில் கிடைக்கலாம். வார விடுமுறை எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், வெயிலில் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவது கொடுமை.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் பிள்ளைகளை ஒருமுறையாவது கூட்டிப் போங்கள். 2010-இல் திறந்தது. முதல் தளம் முழுக்கச் சிறுவர்களுக்கு, உள்ளேயே ஒரு பெரிய செயற்கை மரம் நிற்கும். மே மாத மத்தியானத்தில் குளுகுளு அறையில் பிள்ளை ஐந்தாறு புத்தகத்தைப் புரட்டி, எது பிடிக்கிறது என்று பார்க்கட்டும். பட்டியல் அங்கேயே தானாக உருவாகிவிடும். எழும்பூர் கன்னிமாரா 1896-இல் திறந்தது. இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களின் பிரதி ஒன்று வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. கடையில் அச்சில் இல்லாத புத்தகம் என்றால் அங்கே விசாரியுங்கள். பக்கத்திலேயே அருங்காட்சியகம் இருப்பதால் பிள்ளைகளும் முணுமுணுக்காமல் வருவார்கள்.

பழைய புத்தகம் வாங்குவதென்றால் மயிலாப்பூர் லஸ், திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை, 1985-இல் தீயில் அழிந்த மூர் மார்க்கெட்டிலிருந்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போன கடைகள். நடுப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால், யாரோ ஒரு மாமி வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி ஒட்டிக் கட்டிவைத்த தொடர்கதை கிடைக்கும். ஓவியங்கள் முதலில் வந்தபடியே இருக்கும். பக்கத்தைத் திருப்பினால் பாதித் துணுக்கும், ஒரு தலைவலித் தைல விளம்பரமும். பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு அந்த விளம்பரங்களைப் படித்துச் சிரிப்பார்கள். அதுவும் வாசிப்புதான்.

நாட்டுடைமை நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்கிற இணைய நூலகத்தில் பழைய இலக்கியம் ஏராளம். பெரியவர்களுக்கு இது போதும். பிள்ளையின் கையில் கதைக்காகப் போனைக் கொடுத்தால் அது கதையோடு நிற்காது என்பது உங்களுக்கே தெரியும்.

பத்தாவது எழுதிய பெண். குழந்தைக் கதை வேண்டாம் என்கிறாள். பெரியவர்கள் புத்தகம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். சிறுகதையில் ஆரம்பியுங்கள், புதுமைப்பித்தன், ஜெயகாந்தன். ஒரே மூச்சில் ஒரு கதை முடியும், பிடிக்காவிட்டால் அடுத்ததற்குப் போகலாம். நாவல் கேட்டால் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சென்னையில் குடத்தோடு தெருவில் நிற்கிற கோடையைப் பற்றிய மெல்லிய புத்தகம், மே மாதத்தில் நம் ஊரிலேயே படிக்க அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. கதாநாயகி ஜமுனாவின் வாழ்க்கையில் சிடுக்கான விஷயங்கள் உண்டு. பதினைந்து வயதுக்குப் புரியும். நீங்களும் கூடவே படித்தால் சாப்பாட்டு நேரத்தில் பேச விஷயம் கிடைக்கும்.

வீட்டில் தாத்தாவுக்கும் ஏதாவது?

உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. ஆனந்த விகடனில் தொடராக வந்தது என்பதால் நூற்றுக்கு மேற்பட்ட சின்ன அத்தியாயங்கள். நாளைக்கு ஒன்று, காபிக்குப் பிறகு. ஆசிரியர் 1942-இல் காலமானதால் அது பாதியில் நின்ற நூல், அதையும் சொல்லிவிடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கிற பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு புத்தகம் முடித்தால் நூறு ரூபாய் என்று ஆசை காட்டலாமா?

வேண்டாம். பக்கம் குறைவான புத்தகமாகத் தேடி எடுப்பார்கள், நானாக இருந்தாலும் அதையேதான் செய்வேன். பரிசு கொடுத்தே ஆக வேண்டுமென்றால், முடித்த புத்தகத்துக்கு இன்னொரு புத்தகம்.

பாதியில் விட்டுவிட்டால்?

விடட்டும். ஐம்பது பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்றால் மூடி வைக்க அனுமதி உண்டு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இந்த அனுமதி இருக்கிற பிள்ளைகள்தான் தடியான புத்தகத்தைத் துணிந்து எடுக்கிறார்கள். எதனால் பிடிக்கவில்லை என்று ஒரே ஒரு வரி கேட்டுக்கொள்ளுங்கள், அடுத்ததைத் தேர்ந்தெடுக்க உதவும். 'போர்' என்றால் பதில் ஆகாது. 'யாருமே எதுவுமே செய்யவில்லை' என்றால் பதில். அந்தப் பிள்ளைக்கு அடுத்து சாகசக் கதை எடுங்கள்.

பள்ளி திறந்ததும் படித்த புத்தகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவரச் சொல்கிறார்கள். விடுமுறையிலேயே எழுத வைக்கலாமா?

முடித்த அன்றே புத்தகத்தின் பெயர், எழுதியவர், மறக்காமல் இருக்கிற ஓர் இடம், இந்த மூன்றை மட்டும் ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷ வேலை. ஜூன் முதல் வாரத்தில் உட்கார்ந்து அதை ஒரு பக்கமாக நீட்டிக்கொள்ளலாம். எங்கள் நூலகத்தில் எடுத்த புத்தகம் என்றால் நோட்டில் எழுதிய கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பின்னால் ஆள் காத்திருக்கிறது.